அவள் தொங்கிப் பார்க்காத கயிறு

விரல்கள் மயிரைப் பிரித்துக்கொண்டிருந்தன. வெள்ளாட்டின் நீண்ட கறுப்பு மயிர். ஒரு பிடி எடுத்து உதறி, ஒட்டியிருந்த முள்ளையும் வைக்கோல் துணுக்கையும் கிள்ளி எறிந்துவிட்டு, நுனியும் அடியும் மாறி மாறி வரும்படி அடுக்கி, ஈரத் துணிக்குள் சுருட்டி வைத்தன. பிறகு அடுத்த பிடி. இடது உள்ளங்கையின் குறுக்கே ஒரு தடம் இருந்தது. வருஷக்கணக்காகக் கயிறு ஓடி ஓடி, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழுவழுப்பாகிவிட்ட தடம். மயிர் முழுக்க ஒரே பதமாக ஈரம் ஏறும்வரை கைகள் அவசரப்படவில்லை. அவசரத்தில் திரித்த கயிறு ஒன்று ஏற்கெனவே அந்த வீட்டைவிட்டுப் போயிருந்தது.

சந்தின் முனையில் நட்டிருந்த கட்டையில் வேலிகா முதல் புரியை மாட்டினாள். இடுப்பில் கட்டிய பையிலிருந்து மயிரை விட்டுக்கொண்டே பின்னுக்கு நடக்கத் தொடங்கினாள். முறுக்கு அவளைத் தொடர்ந்து வந்தது.

"ஏண்டி வேலிகா, நோன்பு முடியப் போற நேரத்துல யாருக்குடி இவ்வளவு நீளக் கயிறு? ஆத்தையே கட்டி வீட்டுக்கு இழுத்துட்டு வரப் போறியா?"

அடுத்த வீட்டு டோப்ரா குச்சிகள் பின்னிய மிலாற்று வேலியில் மார்பைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கையில் பாதி உரித்த வெங்காயத்தாள்.

"பேசாத. முறுக்கு சிதறும்."

"என்னைப் பேசாதன்னு சொன்னவங்க எல்லாம் கல்லறையில கிடக்காங்க. யாருக்கு?"

"பிரோடானுக்கு."

"அவனுக்குத்தான் கிளம்புறப்பவே புதுசு குடுத்து விட்டியே. நான் பாத்தேனே, தோள்ல மாட்டிக்கிட்டு மாப்பிள்ளை மாதிரி போனான்."

வேலிகாவின் கால் ஒரு கணம் நின்றது. மறுபடி பின்னுக்கு நகர்ந்தது. "இன்னொண்ணு இருக்கட்டும்னுதான்," என்றாள்.

பிரோடான் அவள் தம்பி. அவர்களுடைய தாய் பெற்றவை நிறைய, தங்கியவை இரண்டு. முதலில் வேலிகா. அவளுக்குப் பிறகு பிறந்தவை ஒவ்வொன்றாக மண்ணுக்குப் போயின. கடைசியாக ஓர் ஆண் பிள்ளை பிறந்தபோது தாய் அதன் முகத்தைப் பார்க்கவே பயந்தாள். ஊர் வழக்கப்படி பிள்ளையை ஜன்னல் வழியாக வழியில் போன ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்று, வாசல் வழியாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சாவு வந்து கேட்டால், "அது எங்கள் பிள்ளையில்லை, விற்றாயிற்று" என்று சொல்லலாம் அல்லவா? பிரோடான் என்றால் விற்கப்பட்டவன். பெயர் பலித்தது, பிள்ளை தங்கியது. தாய்தான் தங்கவில்லை. வேலிகா அப்போது தாவணி வயதைக்கூட எட்டவில்லை. வெள்ளாட்டுப் பாலைத் துணியில் நனைத்து உறிஞ்சக் கொடுத்து அவனை வளர்த்தாள். பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. புருஷன் உப்புப் படகுக்காரன். ஒரு வசந்தத்தில் பனி உருகி துன்ஜா ஆறு பெருகியபோது படகோடு போனான். அவள் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து தகப்பனின் கயிற்றுக் கட்டையை மறுபடி சந்தில் நட்டாள்.

துன்ஜாக் கரையில் கயிறு திரிப்பவர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் உப்புக்காரனும் மரவெட்டியும் குதிரைக்காரனும் வேலிகாவைத் தேடித்தான் வந்தார்கள். காரணம் கோயிலுக்கு முன்னால் நின்ற அக்ரோட்டு மரம். எந்தக் கயிறும் கையை விட்டுப் போகுமுன் அவள் அதை அந்த மரத்தின் தாழ்ந்த கொப்பில் போட்டு, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு கால்களைத் தூக்கிவிடுவாள். முழு ஆளாகத் தொங்குவாள். ஊஞ்சலாடும் சிறுமி மாதிரி இரண்டு முறை ஆடிப் பார்ப்பாள். இளவயதில் வெட்கத்தோடு செய்தாள். உடம்பு கனத்த பிறகு வெட்கம் போயிற்று. "வேலிகா பெருக்கப் பெருக்க நம்ம கயிறும் பலமாகுது" என்று ஆண்கள் சிரிப்பார்கள். அவள் தொங்கிய கயிறு அறுந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஒரு கயிற்றில் மட்டும் அவள் தொங்கிப் பார்க்கவில்லை.

உயிர்ப்புப் பண்டிகைக்கு முந்தைய பெரிய நோன்பின் முதல் வாரம் குதிரை வாரம். புனித தோதோர் அந்த வாரத்தில் வெள்ளைக் குதிரையேறி ஊர் ஊராகச் சுற்றுகிறார் என்பது அங்கே பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். பெண்கள் நூற்கக் கூடாது, மயிர் கோதக் கூடாது, கயிறு திரிக்கக் கூடாது. மீறித் திரித்த கயிறு எந்தக் குதிரையில் ஏறுகிறதோ அந்தக் குதிரை இடறும், அதன்மேல் இருப்பவன் கழுத்து முறியும். சனிக்கிழமை குதிரை உருவில் சின்னச் சின்ன ரொட்டி சுட்டு வீடு வீடாகக் கொடுத்து, ஆண்கள் குதிரைப் பந்தயம் விட்ட பிறகுதான் விலக்கு தீரும்.

இந்த வருஷம் அந்த வாரத்தின் நடுவில்தான் மன்னரின் ஆள் வந்து சேர்ந்தான். தோளில் சிலுவை தைத்துக்கொண்ட லத்தீன் வீரர்கள் போன வசந்தத்தில் கிரேக்கர்களின் பெரிய நகரத்தையே கொள்ளையிட்டுப் பிடித்தவர்கள். இப்போது தெற்கே ஓட்ரின் கோட்டையை முற்றுகையிடக் கிளம்பியிருக்கிறார்கள், நம் மன்னரையும் தங்களுக்கு அடங்கச் சொல்கிறார்கள் என்றான். சனிக்கிழமைப் பந்தயம் முடிந்த கையோடு குதிரை உள்ளவன் எல்லாம் புறப்பட வேண்டும். ஆயுதம் அவரவர் பொறுப்பு.

பிரோடான் ஊர்க் குதிரைகளை மேய்ப்பவன். அடங்காத குட்டிகளைச் சுருக்குக் கயிறு வீசிப் பிடிப்பதில் அவனுக்கு இணை கிடையாது. அவனுடைய ஆயுதம் அந்தக் கயிறுதான். தன்யூப் ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்திருக்கும் குமானியக் குதிரைக்காரர்களோடு அவனைச் சேர்ப்பதாகச் சொன்னார்கள். அவர்களும் கயிறு வீசிச் சண்டை போடுகிறவர்கள். வேலிகா அவனுடைய பழைய கயிற்றை எடுத்துப் பார்த்தாள். குளிர்காலம் முழுக்கத் தொழுவத்தில் கிடந்ததில் எலி கடித்து மூன்று இடத்தில் பஞ்சு பறந்தது.

அவள் பட்டப்பகலில் கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே எவ்வளவு தூரம்தான் பின்னுக்கு நடக்க முடியும்? குதிரைச் சுருக்குக்கு வேண்டிய நீளத்தில் பாதிதான் வந்தது. வேறு வழியில்லாமல் இரண்டு துண்டாகத் திரித்து, நடுவில் புரிக்குள் புரி கோத்து இணைத்தாள். தன் வாழ்க்கையில் அவள் இணைத்துக் கொடுத்த கயிறு அது ஒன்றுதான். வெயிலில் காய வைக்க முடியாமல் அடுப்புப் புகைக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாள். நடுவில் டோப்ரா சல்லடை கேட்டு வந்து கதவைத் தட்டினாள். "ஏண்டி, உள்ள யாரடி ஒளிச்சு வெச்சிருக்க?" என்றாள். "தலைவலி" என்று வேலிகா மயிர்க் கூடையின்மேல் ஆட்டுத் தோலைப் போட்டு மூடிவிட்டுச் சல்லடையை நீட்டினாள்.

அக்ரோட்டு மரம் கோயிலுக்கு நேர் முன்னால் நின்றது. அந்த வாரத்தில் புதுக் கயிறோடு அங்கே போய் யார் தொங்குவது?

கிளம்பும்போது பிரோடான் கயிற்றைக் கையில் எடைபோட்டுப் பார்த்தான். "ஏதுக்கா இது, புதுசா இருக்கு?"

"அறுவடை முடிஞ்சப்பவே திரிச்சு வெச்சது."

"தொங்கிப் பாத்தியா?"

"பாக்காம குடுப்பேனா?"

அவன் சிரித்துக்கொண்டே குதிரையேறிப் போனான். அந்தச் சிரிப்பு நோன்பு முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை. போரில் எத்தனையோ பேர் சாவார்கள். அம்பு கொன்றால் அது எய்தவன் பாவம், ஈட்டி கொன்றால் குத்தியவன் பாவம். கயிறு கொன்றால்? கயிற்றின் ஒரு முனையில் சுருக்கு, மறுமுனை அவனுடைய சேணத்தின் கொம்பில் கட்டியிருக்கும். நடுவில் அந்த இணைப்பு. தோதோர் சாமியின் கோபம் ஒரு பக்கம், தன் கை செய்த அரைகுறை வேலை ஒரு பக்கம். எது பெரியது என்று அவளுக்கே தெரியவில்லை.

படை அப்போது எங்கோ வடக்கே இருந்தது. போய்ச் சேர முடியாத தூரம். நோன்பின் கடைசி வாரத்தில்தான், மன்னரின் படை இறங்கி வந்து ஓட்ரினுக்கு வடக்கே கூடாரம் அடித்திருக்கிறது என்ற செய்தி வந்தது. ஆற்றையொட்டி இரண்டு பகல் நடை. அன்றைக்கே அவள் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு மயிரைப் பிரிக்க உட்கார்ந்தாள். மாற்றுக் கயிற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பழையதை வாங்கி அடுப்பில் போட வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய யோசனை.

பெரிய வியாழக்கிழமை கயிறு முடிந்தது. பண்டிகைக்காக முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். வேலிகா அக்ரோட்டுக் கொப்பில் கயிற்றைப் போட்டுத் தொங்கினாள். வழக்கமாக இரண்டு முறை ஆடுபவள் அன்றைக்குக் கீழே இறங்கவே இல்லை.

"போதும்டி, மரம் பாவம்," என்றாள் டோப்ரா. பிறகு அருகில் வந்து, "நானும் வரேன்," என்றாள். "ரைகோவுக்குச் சிவப்பு முட்டையும் ரொட்டியும் குடுக்கணும். அந்த ஆளு அங்க என்னத்த திங்குதோ. கழுதை எங்களுது, வாய் என்னுது. உனக்கு வழித்துணை ஆச்சு."

ரைகோ டோப்ராவின் புருஷன். ஓநாய்க் குழி வெட்டுவதில் கைதேர்ந்தவன். அவனையும் படையில் கூட்டிப்போயிருந்தார்கள், வாளோடு அல்ல, மண்வெட்டியோடு.

உயிர்ப்பு ஞாயிறு கழிந்து, வந்த விருந்தும் ஓய்ந்த பிறகு இருவரும் புறப்பட்டார்கள். ரொட்டி, முட்டை, ஒரு தோல்பை திராட்சை மது எல்லாம் கழுதையின்மேல். கயிறு மட்டும் வேலிகாவின் தோளில் குறுக்காக.

"அதையும் ஏத்தேன்டி. கழுதை வேண்டாம்னா சொல்லுது?"

"இருக்கட்டும்."

"என்னமோ பூசாரி சிலுவையத் தூக்கிட்டுப் போற மாதிரி போற. என்ன வெச்சிருக்க மனசுல? கயிறு திரிக்கிறவளுக்குக் கதை திரிக்கத் தெரியல பாரு."

வேலிகா கயிற்றைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். குதிரை வாரத்தில் டோப்ரா ஊசியைக்கூடத் தொடமாட்டாள். கிழிந்த பாவாடையை அப்படியே கட்டிக்கொண்டு திரிவாள். அவளிடம் எதைச் சொல்வது?

மறுநாள் பிற்பகலில் தெற்கே வானத்தில் காகங்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பியதைப் பார்த்தார்கள். காற்று அந்தப் பக்கத்திலிருந்து வீசவில்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் கழுதை நின்றுவிட்டது. டோப்ரா தள்ளினாள், திட்டினாள், கெஞ்சினாள். அது காதை நிமிர்த்திக்கொண்டு அசையாமல் நின்றது. பக்கத்திலிருந்த மாவரைக்கும் ஆலையில் ஒதுங்கினார்கள்.

விடிந்து நடந்தபோது எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. வண்டி நிறைய காயப்பட்டவர்கள். வேலிகா வண்டியோடு ஓடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"யாரத் தேடுறம்மா?" என்று வண்டிக்காரன் கேட்டான்.

"பிரோடான். குதிரை மேய்க்கிறவன். குமானியரோட இருக்கான்."

"குமானியரோடவா?" அவன் முகம் மலர்ந்தது. "நேத்துச் சண்டையே அவங்களுதுதான். ஓடுற மாதிரி ஓடினாங்க பாரு! அந்த லத்தீன் இரும்பு மூட்டைங்க, வரிசைய விடாதன்னு அவங்க தலைவனே சொல்லியும் கேக்காம, துரத்து துரத்துன்னு துரத்திக்கிட்டே வந்துட்டானுங்க. குதிரைக்கு நுரை தள்ளிடுச்சு. அப்பறம் இவங்க திரும்பினாங்க. அவ்வளவுதான். அவங்க பேரரசனையே பிடிச்சு வெச்சிருக்காங்க, தெரியுமா?"

"பிரோடான்..."

"பேரெல்லாம் எனக்குத் தெரியாது தாயி. குமானியர் பக்கமும் கொஞ்சம் பேர் போனாங்க. போய்ப் பாரு."

ஊரே ஜெயித்த செய்தி அது. டோப்ரா சிலுவை போட்டுக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். வேலிகாவின் காதில் கடைசி வார்த்தைகள் மட்டும் விழுந்தன.

கூடாரங்கள் இருந்த மேட்டுக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டது ரைகோதான். ஒரு குழியின் அடியில், பிடுங்கிய கழிகளை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். டோப்ரா மேலேயிருந்து எட்டிப் பார்த்து வீறிட்டாள். அவன் கண்ணைத் திறந்தான்.

"நீயா? கனவுலகூட விடமாட்டியா?"

"ஐயோ, செத்துட்டியோன்னு பயந்துட்டேன்யா!"

"சாகிறதுக்கு யாராவது இதுல விழுந்தாத்தானே? வாரம் முழுக்கத் தோண்டினேன். கூர்மையா கழி நட்டேன், மேல மிலாறு போட்டு மூடினேன். ராஜா படுக்கலாம், அவ்வளவு அழகு. எல்லாப் பயலும் பக்கத்துக் குழியில போய் விழுறான். என்னுதுல ஒரு முயல்கூட விழல!"

டோப்ரா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அவன் தலைமேல் ரொட்டியை எறிந்தாள். வேலிகா காத்திருந்தாள். அவர்கள் ஓய்ந்ததும், "ரைகோ அண்ணே, பிரோடானப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

ரைகோவின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல வடிந்தது. "போறப்ப பாத்தேன்மா. இந்த வழியாத்தான் ஓடினாங்க. எனக்குக் கையாட்டினான். அவன் பின்னாடியே ஒருத்தன் வந்தான், மாதாகோயில் மணி மாதிரி, முழுக்க இரும்பு. அந்த ஓடைப் பக்கம் திரும்பினாங்க." அவன் நிறுத்தினான். "திரும்பி வந்தத நான் பாக்கல. நான் கழி நடாத ஒரு குழிக்குள்ள பதுங்கிட்டேன்ல."

குதிரைகள் கட்டியிருந்த இடம் ஓடைக்குப் பக்கத்தில். வேலிகா ஓடவில்லை. குதிரைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். பிரோடானின் சாம்பல்நிறப் பெண்குதிரை ஒரு முள்மரத்தடியில் நின்றது. முன்காலில் துணிக்கட்டு. சேணம் அப்படியே இருந்தது. சேணத்தில் ஆள் இல்லை. பக்கத்திலும் யாரும் இல்லை.

சேணத்தின் கொம்பில் ஒரு துண்டுக் கயிறு தொங்கியது. கறுப்பு மயிர், அவள் கை முறுக்கு. இருட்டில் தொட்டாலும் அடையாளம் சொல்வாள். அதன் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். புரிகள் ஒன்றையொன்று விட்டு உருவி வந்திருந்தன. வெட்டுப்பட்டதல்ல, தேய்ந்ததுமல்ல. இணைப்பு விட்டிருந்தது.

அவள் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தவிட்டுக்கு விற்று மீட்ட பிள்ளை. ஜன்னல் வழியாக வெளியே போய் வாசல் வழியாக உள்ளே வந்த பிள்ளை. சாவை ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்திருந்தாளே. பின்னால் வந்த டோப்ரா கழுதையை விட்டுவிட்டு அவள் முதுகில் கை வைத்தாள்.

"கிறிஸ்து உயிர்த்தார், அக்கா!"

முள்மரத்துக்கு அந்தப் பக்கம், ஓடைச் சரிவில் ஒரு தலை ஏறி வந்தது. பிறகு தோள்கள். கன்னத்தில் ஒரு சிராய்ப்பு, தாடியில் சேறு. இரண்டு கைகளாலும் ஓர் இரும்புத் தலைக்கவசத்தைக் கிண்ணம் மாதிரி ஏந்தி, தண்ணீர் சிந்தாமல் நடந்து வந்தான்.

பண்டிகை நாட்களில் அந்த வாழ்த்துக்கு மறுமொழி சொல்லாமல் எந்தப் பேச்சும் தொடங்கக்கூடாது. வேலிகா வாயைத் திறந்தாள். இரண்டு முறை திறந்தாள். மூன்றாவது முறைதான் சத்தம் வந்தது.

"மெய்யாகவே உயிர்த்தார்," என்றாள். சொல்லிவிட்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரோடான் தலைக்கவசத்தைக் குதிரையின் முன் வைத்துவிட்டு ஓடி வந்தான். அவள் அவன் முகத்தைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், கையைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அந்தக் கையிலேயே பட்டென்று ஓர் அடி வைத்தாள்.

"ஆளில்லாத குதிரையக் கட்டிப் போட்டுட்டு எங்கடா போன?"

"தண்ணிக்குத்தான்கா! அதுக்குக்கூட உன்கிட்ட கேட்டுட்டுப் போகணுமா?"

ரைகோவும் வந்து சேர்ந்தான். டோப்ரா முட்டையை உரித்துக் கொடுக்கக் கொடுக்க, பிரோடான் தின்றுகொண்டே சொன்னான்.

"ரைகோ அண்ணன் குழியத் தாண்டி ஓடைப் பக்கம் திரும்பினேன். அவன் விடாம வரான். குதிரையா அது? வைக்கோல்போரு மாதிரி. மத்தவங்க எல்லாம் திரும்பிட்டாங்கன்னு குமானியன் விசில் அடிச்சான். நானும் திரும்பி வீசினேன். சரியா கழுத்துல விழுந்துச்சு. நல்லா இறுகிடுச்சு. ஆனா அவன் குதிரை நிக்கல. சரிவுல நிக்க முடியல அதால. அப்படியே ஓடைக்குள்ள பாயுது. இந்த முனை என் சேணத்துல. அவன் கனம், குதிரை கனம், இரும்புக் கனம் எல்லாம் சேத்து எங்க ரெண்டு பேரையும் விளிம்புக்கு இழுக்குது. என் குதிரைப் பொண்ணு முன்கால மடக்கிட்டா. முடிச்ச அவுக்கக் கை வரல. சரி, நாமளும் போறோம்னு நெனச்சேன்." அவன் முட்டையை விழுங்கினான். "அப்பதான் டப்புன்னு விட்டுச்சு."

"என்ன விட்டுச்சு?" என்றாள் டோப்ரா.

"கயிறுதான். நாங்க மேல உக்காந்துட்டோம், அவன் கீழ போயிட்டான்." அவன் தலைக்கவசத்தைப் பார்த்தான். "காலையில இறங்கிப் போய்ப் பாத்தேன். கழுத்து முறிஞ்சு கிடந்தான். என் வயசுதான் இருக்கும். கண்ண மூடி விட்டேன்."

குதிரை தண்ணீர் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வேலிகா சேணக் கொம்பிலிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது குதிரை வாரத்துல திரிச்சது," என்றாள். "வீட்டுக்குள்ள, கதவச் சாத்திக்கிட்டு. ரெண்டு துண்டா திரிச்சு இணைச்சேன். தொங்கிப் பாக்கல. உன்கிட்ட பொய் சொன்னேன்."

டோப்ராவின் கையிலிருந்த முட்டை நழுவி உருண்டது. "அடிப்பாவி! தலைவலின்னியே! சல்லடை கேட்டு வந்தப்ப உள்ள இதத்தான் பண்ணிக்கிட்டு இருந்தியா?"

பிரோடான் சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். "எனக்குத் தெரியும்கா. கயிறு முழுக்க அடுப்புப் புகை நாத்தம். வெயில்ல காஞ்ச கயிறு அப்படியா மணக்கும்? ஒரு குமானியன் மோந்து பாத்துட்டு, 'உங்க ஊர்ல கயித்தையும் வாட்டித் திம்பீங்களா'ன்னு கேட்டான்."

"தெரிஞ்சுமா எடுத்துட்டுப் போன?"

"நீ குடுத்தது. வேற எதை எடுத்துட்டுப் போவேன்?"

டோப்ரா அதற்குள் சமாதானமாகி, மனதுக்குள் கணக்கைச் சரிசெய்துவிட்டாள். "தோதோரார் சொன்ன சொல்லு தப்பல பாத்தியா? குதிரை இடறிச்சு, கழுத்து முறிஞ்சுது. யாரோட குதிரைன்னு அவருக்குத் தெரியாதா? அவரு என்ன குருடரா?"

வேலிகாவின் விரல்கள் பிரிந்த புரிகளைத் தடவிக்கொண்டிருந்தன. அவளையறியாமல் வாய் முணுமுணுத்தது: "இணைப்ப இன்னும் ஒரு சாண் நீளமா கோத்திருக்கணும். என் கயிறு அறுந்துச்சுன்னு ஊர்ல சொல்வாங்க."

"கோத்திருந்தா," என்றான் ரைகோ, "உன் தம்பி இப்ப ஓடைக்கு அடியில கிடப்பான். பேசாம இரும்மா."

நாற்பது நாளுக்கு மேலாக வேலிகாவின் நெஞ்சில் கட்டியிருந்த ஏதோ ஒன்று, அந்தப் புரிகளைப் போலவே, பிடி விட்டு உருவிக்கொண்டு போயிற்று. மூச்சு அடிவயிறு வரை இறங்கியது. பசித்தது. உருண்டுபோன முட்டையை எடுத்து மண்ணைத் துடைத்துவிட்டுத் தானே தின்றாள்.

படை தெற்கே நகரப்போகிறது என்றான் பிரோடான். அவனைக் கூட்டிப்போகவில்லை. பிடிபட்ட குதிரைகளை வடக்கே ஆற்றங்கரை மேய்ச்சலுக்கு ஓட்டிப்போக, குதிரை தெரிந்தவர்கள் வேண்டும். வழி ஊர்வழிதான். அவனுடைய பெண்குதிரை நொண்டுகிறது; அதன்மேல் ஏற முடியாது, பிடித்து நடத்திக்கொண்டுதான் போக வேண்டும்.

"எதப் போட்டு நடத்துறது? இடுப்புத் துணியக் கிழிக்கலாம்னு பாத்தேன்," என்றவன் அப்போதுதான் அவள் தோளில் குறுக்காகக் கிடந்ததைக் கவனித்தான். நுனி முதல் நுனி வரை ஒரே ஓட்டமாகத் திரித்த கயிறு. வெயிலில் காய்ந்து, ஆட்டு மணம் மட்டும் அடிக்கும் கயிறு.

அவன் கையை நீட்டினான். பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"தொங்கிப் பாத்தியா?"

"பெரிய வியாழக்கிழமை. ஊரே பாக்க."

"நான் சாட்சி," என்றாள் டோப்ரா. "கொப்பு முறிஞ்சிடும்னுதான் பயந்தேன். கயித்தப் பத்தி பயமே வரல."

வேலிகா எழுந்து நின்றாள். கயிற்றைத் தலைவழியாகக் கழற்றி, சுருள் கலையாமல், இரண்டு கைகளாலும் தம்பியின் இரண்டு கைகளில் வைத்தாள்.